புதுப்பிப்பு: அந்தக் கிட்டார் விற்பனைக்கு இல்லை

பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை விற்றுவிட்டு எலக்ட்ரிக்கோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சிலர் விற்கச் சொன்னீர்கள். சிலர் முதலில் கம்பியை மாற்றிப் பார் என்றீர்கள். இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது.

துருவேறிய கம்பிகளைக் கழற்றி, 12-53 தடிமனில் பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கலக் கலவை) கம்பி செட் போட்டேன். கழுத்து லேசாக முன்னால் வளைந்திருந்தது. கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கியதும், கம்பிகள் ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளுக்கு) நெருங்கி வந்தன. ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் எஃப் பார் கார்டோடு இனி மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு ஈ மேஜர் கார்டு வாசித்தேன். ஆறாவது கம்பியின் அதிர்வு நெஞ்சு வரை வந்தது! மேல்பலகை பிளைவுட் இல்லை, முழு ஸ்ப்ரூஸ் மரம். துளைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன்: எக்ஸ் வடிவத்தில் ஒட்டிய குச்சிகள், முனைகளில் மெலிதாகச் சீவப்பட்டு, பசை வழிந்த தடம்கூட இல்லாமல். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கலாம், விடவில்லை. பலகை மெலிசாக இருந்தால்தான் நன்றாக அதிரும். ஆனால் கம்பிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. இரண்டுக்கும் ஈடுகொடுப்பது அந்தக் குச்சிகள்தான்.

கிட்டார் இருக்கும் இடத்தில் ஈரப்பதம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டவருக்கு: 45 முதல் 55 சதவீதம். ரொம்பக் காய்ந்தால் பலகை விரிசல் விடும், அதனால் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

எலக்ட்ரிக்கும் இருக்கிறது, சண்டை இல்லை. சரி, அடுத்து கேப்போ (சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வி) வாங்க வேண்டும். ஸ்பிரிங் வைத்ததா, திருகு வைத்ததா?