மறு: ‘ஸ்பேரிங்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

வணக்கம். ஒரு சத்து தட்டுப்படும்போது, உயிர் அதை ஓரிடத்தில் குறைத்து, அவசியமான இன்னோர் இடத்துக்கு ஒதுக்குவதை ஆங்கிலத்தில் ‘ஸ்பேரிங்’ (sparing) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த ஒரு யோசனை இது:

> ‘ஊட்டச் சேமிப்பு’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். பாஸ்பரஸ் சத்தைத் தரும் பாஸ்பேட் தாராளமாகக் கிடைக்கும்போது பல பாசிகள் அதைச் சங்கிலியாகக் கோத்து, பாலிபாஸ்பேட் மணிகளாக்கிச் செல்லுக்குள் குவித்துக்கொள்கின்றன. சேமிப்பு என்றால் அதுதான். நாம் பெயர் தேடுவது பற்றாக்குறை வந்தபின் நடக்கும் வேலைக்கு.

கிளாமிடோமோனாஸைப் பாருங்கள். இந்த ஒருசெல் பச்சைப்பாசியில், ஒளிச்சேர்க்கையின்போது ஒளியைப் பயன்படுத்தும் புரதத் தொகுதியான ஒளியமைப்பு 1க்கு (photosystem I) எலக்ட்ரானைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிளாஸ்டோசயனின் என்ற புரதம். அதற்குள் ஒரு தாமிர அணு இருக்கிறது. தாமிரம் கிடைக்காமல் போனால் பாசி அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. இரும்பைக் கொண்ட சைட்டோகுரோம் சி6 என்ற வேறொரு புரதம் அந்த இடத்துக்கு வந்து அதே வேலையைப் பார்க்கிறது. அப்புறம் நடப்பதுதான் அழகு. விடுபட்ட தாமிரம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. அங்கே சுவாசத்துக்கு வேண்டிய சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி தாமிரம் இல்லாமல் இயங்கவே இயங்காது.

அக்கா சொன்ன ‘சத்துப் பதிலீடு’ இதில் முதல் பாதியை மட்டுமே சொல்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்தது, சரி. அதனால் மிஞ்சிய தாமிரம் அவசியமான இடத்துக்குப் போனது அந்தச் சொல்லில் இல்லை.

என் பரிந்துரை: மிச்சப்பிடிப்பு. வீட்டுச் செலவில் ஒன்றைக் குறைத்து இன்னொன்றுக்கு மிச்சம் பிடிக்கிறோமே, அதே பொருள். தாமிர மிச்சப்பிடிப்பு, இரும்பு மிச்சப்பிடிப்பு என்று முன்னொட்டும் எளிதாகச் சேர்கிறது. இரும்பு குறைந்த கடல்நீரில் டயாட்டம் என்னும் ஒருசெல் பாசிகள், இரும்புள்ள ஃபெரிடாக்சின் என்ற புரதத்துக்குப் பதில் இரும்பே இல்லாத ஃபிளேவோடாக்சினை வைத்துக்கொள்வதற்கும் இது பொருந்தும்.

தாவரங்களுக்கும் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் பாஸ்பரஸ் வறண்ட மண்ணில் வளரும் ஹேக்கியா புராஸ்ட்ரேட்டா என்ற செடி, இலை முதிரும்போது செல் சவ்வுகளிலுள்ள பாஸ்போலிப்பிடு என்னும் பாஸ்பரஸ் கொண்ட கொழுப்புகளைக் குறைத்து, பாஸ்பரஸ் இல்லாத கொழுப்புகளான கேலக்டோலிப்பிடையும் சல்போலிப்பிடையும் வைத்துக்கொள்கிறது. ஒளிச்சேர்க்கையும் தளர்வதில்லை. இது பாஸ்பரஸ் மிச்சப்பிடிப்பேதான். ஆனால் அதே செடி கொத்துவேர் விட்டு, கரிம அமிலங்களைக் கசியவைத்து, மண்ணில் இறுகிக் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்தெடுப்பதை இதில் சேர்க்க வேண்டாம். அது வரவைக் கூட்டும் வழி, அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘தகவமைப்பு’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் பாடநூல்களில் குழப்பம் தொடங்குகிறது.

மிச்சப்பிடிப்பா, மிச்சம்பிடிப்பா? எனக்கு முன்னதே சரியாகப் படுகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்