கவுன்சில் வீட்டுக்கு (உள்ளூராட்சி வாடகைக்குத் தரும் வீட்டுக்கு) "தகுதியில்லை" என்று கடிதம் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

தனிமரம்
லண்டன். இரண்டு அறை வாடகை வீடு. நான், மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன், அம்மா. நெரிசல் என்று கவுன்சில் வீட்டுக் காத்திருப்புப் பட்டியலுக்கு விண்ணப்பித்தோம், தகுதியில்லையாம். 1985 வீடமைப்புச் சட்டப்படி ஹோலும் படுக்கிற அறைதான், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை அரை ஆள்தான், ஆகவே நெரிசல் இல்லை என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

கடிதத்தை விட, கவுன்சிலில் இருந்து அறைகளை அளக்க வந்த நாள்தான் மனதை விட்டுப் போகவில்லை. ஹோலில் அம்மா கட்டிலில் இருந்து தேவாரம் வாசித்துக்கொண்டிருந்தார். வந்தவர் லேசர் கருவியைச் சுவரில் வைத்து அமத்தினார். சிவப்புப் புள்ளி அம்மாவின் காலில் விழுந்தது. தான் மறைக்கிறேனாக்கும் என்று நினைத்து அம்மா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு அப்படியே இருந்தார். அந்தாள் நிமிர்ந்தும் பார்க்காமல் "தேங்க் யூ" என்றுவிட்டு அளவை எழுதினார்.

மழைக்காகம்
எங்களுக்கு இந்தக் கவுன்சில் எல்லைக்குள் ஐந்து வருட வசிப்பு இல்லை என்று தள்ளினார்கள். அகதி வழக்கு முடியும்வரை வடக்கே ஒரு ஹோட்டலில் வைத்திருந்தது உள்துறை. விசா கையில் கிடைத்ததும் வேலைக்காக இங்கே வந்தோம். கவுண்டரில் இருந்தவர் பாங்க் ஸ்டேட்மெண்டில் பழைய விலாசத்தில் விரலை வைத்து, "முதலே லண்டனுக்கு வந்திருக்கலாமே?" என்றார். ஏதோ நாங்கள் ஊர் தெரிவுசெய்து போய் இருந்த மாதிரி! 2019இல் ஹில்லிங்டன் கவுன்சிலின் பத்து வருட நிபந்தனை வெளிநாட்டவருக்கு மறைமுகப் பாகுபாடு என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதே, அந்தத் தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "அது வேறு கவுன்சில்," என்றார்.

பழையவர்
கோபிக்க வேண்டாம். நாங்கள் 90களில் வந்து வரி கட்டி, இன்னும் கிழமைக்குக் கிழமை காலியாகும் வீட்டுக்கு விருப்பம் தெரிவித்து பிட் போட்டுக்கொண்டிருக்கிறோம். வந்த கையோடு வீடு கேட்டால் எப்படி?

நாலாம் மாடி
பழையவர் அண்ணா, வீடு குறைந்தது வந்தவர்களாலா? 1980இல் இருந்து கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்றார்கள், விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. உங்கள் பிட்டுக்கு முன்னால் நிற்பது மழைக்காகம் இல்லை, அவரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லையே.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். மாமியாரின் முழங்கால் அறிக்கையை "பழையது" என்று திருப்பி அனுப்பினார்கள். லிப்ட் இல்லாத வீடு, மேலே ஏறி வந்து பார்க்க ஒருவரும் இல்லை.

தனிமரம் தம்பி, நீர் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கம்ப்ளெயின்ட் வேறு, முடிவைத் திரும்பப் பார்க்கக் கேட்கும் ரிவியூ வேறு. கம்ப்ளெயின்ட் போட்டால் "வருந்துகிறோம்" என்று ஒரு பதில் வரும், முடிவு அப்படியே இருக்கும். பட்டியலில் சேரத் தகுதியில்லை என்றால் ரிவியூ கேட்பது 1996 வீடமைப்புச் சட்டம் தந்த உரிமை. எழுத்தில் கேளும், அளந்த குறிப்பின் நகலையும் கேளும். வீடற்றவர் என்று போன வழக்கென்றால் 21 நாள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பட்டியல் விஷயத்தில் கெடுவைக் கவுன்சிலின் கொள்கைதான் சொல்லும், பெரும்பாலும் அதே 21தான்.

அடுத்தது, 1985 அளவு மிகப் பழைய அளவு. 2012 அரசு வழிகாட்டி வேறு கணக்கைப் பரிந்துரைக்கிறது: தம்பதிக்கு ஓர் அறை, 21 வயது நிரம்பிய மற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஒரே அறை என்பது இருவருமே பத்து வயதுக்குக் குறைந்திருந்தால் மட்டும். அப்படிப் பார்த்தால் உமக்கு நாலு அறை வேண்டும், இருப்பது இரண்டு. கவுன்சிலின் கொள்கையில் எந்தக் கணக்கு எழுதியிருக்கிறது என்று பாரும். கொள்கை ஒன்று, கடிதம் இன்னொன்று என்றால் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஒம்புட்ஸ்மன், அதாவது முறைப்பாட்டை விசாரிக்கிற சுயாதீன அதிகாரி. அதிலும் ஆள் மாறிப் போகிறார்கள். ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், வீட்டை வாடகைக்கு விட்டவர் பற்றிய முறைப்பாட்டுக்கு. பட்டியல் முடிவுக்கு உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மன், விஷயம் தெரிந்து 12 மாதத்துக்குள். அவர் வீடு தரமாட்டார், முடிவெடுத்த விதத்தில் பிழை இருந்தால் திரும்பப் பார்க்கச் சொல்வார்.

பழையவர்
தங்கச்சி, விற்றதை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வரிசை என்று ஒன்று வேண்டாமா?

மழைக்காகம்
வரிசையில் நிற்கத்தான் அண்ணா கேட்டேன்.

தனிமரம்
அக்கா, கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 21 நாள் என்றுதான் போட்டிருக்கிறது. வரும் செவ்வாயோடு முடிகிறது. மகளுக்கு வீட்டில் படிக்க இடமில்லை என்று பாடசாலையில் எழுதித் தருவார்களா? யாராவது வாங்கியிருக்கிறீர்களா?