சமுதாயக்கூடம் பிளான்: நம்ம ஊர் குரூப்

*வெள்ளி, ராத்திரி*

இன்ஜினியர் தம்பி: எல்லாருக்கும் வணக்கம். சமுதாயக்கூடம் பிளான் போட்டோ போட்டிருக்கேன், பெருசாக்கிப் பாருங்க. ஹால் 60க்கு 40 அடி, மேடை 20க்கு 12, பின்னால டைனிங் 40க்கு 25, அடுப்படி, ஸ்டோர் ரூம், முன்னால போர்டிகோ. பேஸ்மட்டம் ரோட்டுல இருந்து 3 அடி. இது முதல் டிராஃப்ட் தான், குறை இருந்தா இப்பவே சொல்லிருங்க, கம்பி கட்டுனதுக்கு அப்புறம் சொன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது

மேலத்தெரு அண்ணாச்சி: நல்லாருக்கு தம்பி. முன்பக்கம் கண்ணாடி போட்டு எலிவேஷன் கொஞ்சம் எடுப்பா வைங்க. ஹாலுக்கு ஏசியும் போட்டுட்டா வெளியூர்க்காரங்களும் புக் பண்ணுவாங்க, வாடகை வரும். இப்ப நம்ம பிள்ளைய கல்யாணத்துக்கு வண்ணார்பேட்டை பாளையங்கோட்டைன்னு மண்டபம் தேடி அலையுதோம், மறுவீட்டு சொதி சாப்பாட்டுக்குக் கூட ஊருக்குள்ள இடம் இல்ல

பாளையங்கோட்டை அத்தை: டைனிங்ல எத்தன பேரு உக்காரலாம் ய்யா

இன்ஜினியர் தம்பி: ஒரு இலைக்கு 2 அடி அத்தை. 40 அடிக்கு ஒரு வரிசையில 20 இலை, நாலு வரிசை போட்டா ஒரு பந்திக்கு 80 பேரு. பரிமாறுறவங்க நடக்க இடம் விட்டுத்தான் சொல்லுதேன்

டீச்சர் மைனி: அண்ணாச்சி நான் ஒண்ணு சொல்லுதேன் தப்பா எடுத்துக்கிடாதீய. கல்யாணம் நம்ம ஊர்ல வருஷத்துக்கு மிஞ்சிப்போனா பத்து பன்னெண்டு, மத்த நாளெல்லாம் அது பூட்டியா கெடக்கணும்? எனக்கு மனசுல நிக்கது 2023 டிசம்பர் 17 ராத்திரி தான். ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்து கரண்டு போயி செல்லுல சார்ஜும் இல்லாம எங்க வீட்டு அத்தைய கட்டிலோட தூக்கிட்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏறுனோம், அறுவது எழுவது பேரு ஒரே ரூம்ல, கீழ இருந்த கக்கூஸ் தண்ணிக்குள்ள போயிட்டு, மேல ஒண்ணும் கிடையாது, பொம்பளைய நாங்க விடியுற வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தோம். மாசமா இருந்த பிள்ள ஒண்ணு என் மடியில சாஞ்சு அழுதுச்சு. அத நெனச்சா எனக்கு இந்த கண்ணாடி எலிவேஷன் எல்லாம் கண்ணுலயே படமாட்டேங்கு

டீச்சர் மைனி: எனக்கு வேண்டியது இது தான் தம்பி. மாடியில ஒரு பெரிய ரூம், ரெண்டு கக்கூஸ், அதுக்கு மேல தண்ணி டேங்கு. ஏறுற படி கட்டடத்துக்கு வெளிய இருக்கணும். சாவி வச்சிருக்க ஆளு ஊர்ல இல்லாட்டாலும் ஜனங்க ஏறணும்

பம்ப்செட் பெரிப்பா: டீச்சர் சொல்லுதது நெசம். 92 நவம்பர் வெள்ளத்துல தண்ணி ரேஷன் கடை வாசப்படியோட நின்னுட்டு. அதுக்கு மேல வராதுன்னு நாங்களே சொல்லிக்கிட்டு திரிஞ்சோம். 23ல ரேஷன் கடை சுவத்துல நாலரை அடி. நான் நின்னு பாத்தேன். சேத்துக் கோடு இன்னும் கெடக்கு

மேலத்தெரு அண்ணாச்சி: அப்ப பேஸ்மட்டத்தையே 5 அடி ஏத்திருவோமே, மாடி எதுக்கு

இன்ஜினியர் தம்பி: அங்கன தான் சிக்கல் அண்ணாச்சி. சக்கர நாற்காலி ஏறுற சரிவுப் பாதைக்கு 1க்கு 12ன்னு ஒரு அளவு உண்டு, ஒரு அடி உசரம் ஏற 12 அடி நீளம் வேணும். 5 அடின்னா 60 அடி நீளம், நடுவுல நின்னு மூச்சு வாங்க இடம் வேற விடணும். மண்ணு அடிக்கிற செலவும் ஏறிரும். 3 அடின்னா 36 அடி, ரெண்டா மடிச்சு பக்கவாட்டுல வச்சிரலாம். நாலரை அடி தண்ணி வந்தா ஹாலுக்குள்ள ஒண்ணரை அடி நிக்கும், நிக்கட்டும், கழுவி விட்டுக்கிடலாம். அதுக்குத் தக்கன கட்டணும், தரை கல்லு இல்லன்னா டைல்ஸ், பிளைவுட் வேலை எதுவும் கீழ வேண்டாம், சுவிட்ச் போர்டு எல்லாம் தரையில இருந்து 4 அடிக்கு மேல, மெயின் போர்டு மாடியில. மைனி சொன்ன மாடிய நான் யோசிக்காம விட்டது தப்பு தான், சேத்து வரையுதேன்

பாளையங்கோட்டை அத்தை: சரிவுல கைப்பிடி ரெண்டு பக்கமும் வைய்யா. எனக்கு முட்டு வலி, ஒரு பக்கம் மட்டும் இருந்தா எறங்கும்போது தோதுப்படாது

துபாய் மாப்ள: இப்ப தான் டூட்டி முடிஞ்சு பாக்கேன். மாடி லைட்டுக்கும் செல் சார்ஜ் போடவும் சோலார் பேட்டரி என் பொறுப்பு. அன்னைக்கு ரெண்டு நாளா அம்மாவுக்கு போன் போகாம நான் இங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்

டீச்சர் மைனி: நல்லாருப்பீய மாப்ள

பம்ப்செட் பெரிப்பா: அடுப்படியும் மேல ஒண்ணு வேணும்லா. 23 வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கிட்டு நின்னப்ப பக்கத்து ஊர்க்காரங்க தான கோயில்ல வச்சு சோறு பொங்கி ரயில்ல இருந்தவங்களுக்குப் போட்டாங்க. அந்த ஊர்லயும் வெள்ளம் தான. அரிசியும் அண்டாவும் நனையாத இடத்துல இருந்தா தான் பொங்க முடியும்

இன்ஜினியர் தம்பி: முழு அடுப்படி மேல ஏத்துனா செலவு தாங்காது பெரிப்பா. ஸ்டோர் ரூம மேல கொண்டு போயிருதேன், அது பக்கத்துல கேஸ் அடுப்பு ரெண்டு வைக்கிற மாதிரி ஒரு திண்டு. பாத்திரம் ஏத்தி எறக்க படி அகலம் 5 அடியாக்கிருதேன், கட்டிலோட ஆள தூக்குறதுக்கும் அது ஆகும்

*சனி, காலையில*

காலேஜ் பாப்பா: நானும் ஒண்ணு கேக்கலாமா. மாடி ரூம் மத்த நாள்ல சும்மா தான இருக்கும், அதப் படிக்கிற ரூம் ஆக்கலாமா? நாங்க நாலஞ்சு பேரு டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கோம், பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போயிட்டு வந்தா சாயங்காலம் பஸ்சுலயே பாதி நேரம் போயிருது. வீட்ல டிவி சத்தம். பசங்க எங்கயாவது உக்காந்து படிச்சுக்கிடுதாங்க, எங்கள விட மாட்டாங்க. படியில லைட்டு, மாடியில கக்கூஸ், இது ரெண்டும் இருந்தா எங்கம்மா ராத்திரி 9 மணி வரைக்கும் விடுவாங்க

டீச்சர் மைனி: இத விட என்ன வேணும். தம்பி அலமாரி சுவத்தோட சேத்து வச்சிருங்க. புத்தகம் நான் சேக்குதேன்

பம்ப்செட் பெரிப்பா: ஹாலுக்கு ஏசி வேண்டாம்லே. ஆனி ஆடியில மேக்க இருந்து செங்கோட்டை கணவாய் வழியா வருதே காத்து, அத விட ஏசி எது? சன்னல் மேக்க பாத்து வையி

இன்ஜினியர் தம்பி: காத்து மேக்க தான் பெரிப்பா, ஆனா மூணு மணிக்கு மேல வெயிலும் அங்கன தான. சித்திரையில அந்தச் சுவத்துல கை வைக்க முடியாது. அதுக்காக மேக்க 8 அடி அகலத்துல ஒரு தாழ்வாரம் எறக்குதேன், ஓட்டுக் கூரை. சுவத்துல உசரமா ஜாலி, அதான் ஓட்டை ஓட்டையா இருக்க தடுப்பு, வச்சா காத்து உள்ள வரும், வெயில் தாழ்வாரத்தோட நின்னுரும், ஹாலோட கீழ்ப்பக்கமும் சன்னல் வச்சாத்தான் வந்த காத்து வெளிய போகும். சூடு கீழ எறங்காம மொட்டை மாடியில செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேல தட்டோடு பதிச்சிருவோம்

பம்ப்செட் பெரிப்பா: தாழ்வாரத்துல நீளமா ஒரு திண்ணை கட்டிரு மக்கா. மரத்தடியில உக்காருற எங்களுக்கு மழைக்கு ஒதுங்க இடம் இல்ல

மேலத்தெரு அண்ணாச்சி: இடம் பத்தி ஒண்ணு. குளத்தங்கரை புறம்போக்கு சும்மா தான கெடக்கு, அங்க கட்டுனா பார்க்கிங்குக்கும் நெறைய இடம்

பம்ப்செட் பெரிப்பா: கூடவே கூடாது. அது மறுகால் போற தடம். குளம் நெறஞ்சா தண்ணி அந்த வழியா தான் எறங்கும், அதுல சுவத்த வச்சா தண்ணி நம்ம வீட்டுக்குள்ள வரும்

வார்டு மெம்பர் மாமா: நீர்நிலை புறம்போக்குக்கு அனுமதியும் தரமாட்டாங்க. பஸ் ஸ்டாப் பக்கத்துல பஞ்சாயத்து இடம் 30 சென்ட் இருக்கு, அது போதும். நமக்கு நாமே திட்டத்துல போனா மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு ஊரு போடணும், மிச்சம் அரசு. அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம் போடணும், அதுக்குள்ள பிளான் முடிவாகணும்

டீச்சர் மைனி: பஸ் ஸ்டாப் இடம் தான் சரி. ஏன்னும் சொல்லிருதேன், சொல்லாம விட்டா எனக்கு மனசு கேக்காது. அன்னைக்கு பள்ளிக்கூட மாடியில ரெண்டு தெரு ஜனமும் ஒண்ணா தான் கெடந்தோம், ஒரே அண்டாவுல கஞ்சி குடிச்சோம். இந்த வாசல் எந்தத் தெருவப் பாத்தும் திரும்பக் கூடாது, ரோட்டப் பாத்து இருக்கட்டும். சாவி பஞ்சாயத்து ஆபீஸ்ல இருக்கட்டும். வாடகை ரசீது யாரு கேட்டாலும் ஒரே ரேட்டு, கல்யாணமோ பதினாறாம் நாளோ, யாரு வீடா இருந்தாலும். இத தீர்மானத்துலயே எழுதணும் மாமா

வார்டு மெம்பர் மாமா: எழுதுவோம் தாயீ. நானே படிச்சு காட்டுதேன்

மேலத்தெரு அண்ணாச்சி: டீச்சர் சொன்னது சரி. கண்ணாடி காச படிக்குப் போடுங்க. ஒரே ஒரு ஆசை, கோயில் கொடைக்கு மழை வந்தா வில்லுப்பாட்டு ஹாலுக்குள்ள நடத்தணும், மேடைய மட்டும் குறைச்சிராதீய

இன்ஜினியர் தம்பி: மேடை அப்படியே இருக்கும் அண்ணாச்சி. மழைத்தண்ணி கணக்கும் போட்டுட்டேன். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர். ஹால் மொட்டை மாடி மட்டும் 223 சதுர மீட்டர், 100 மில்லிமீட்டர் மழைக்கு 22,000 லிட்டருக்கு மேல வரும். தொட்டி கட்டிருவோம். பாத்திரம் கழுவுற தண்ணி வாய்க்கால்ல சேராம வாழைக்குப் போற மாதிரி குழாய் எறக்கிருதேன்

பாளையங்கோட்டை அத்தை: பிள்ளைக்கு பால் குடுக்க ஒரு சின்ன ரூம் மேடை பக்கத்துல வைய்யா, மறந்துராத

இன்ஜினியர் தம்பி: குறிச்சுக்கிட்டேன் அத்தை. நாளைக்கு காலையில 7 மணிக்கு எல்லாரும் பஸ் ஸ்டாப் இடத்துக்கு வாங்க. சுண்ணாம்புல தரையில கோடு போட்டு காட்டுதேன், பேப்பர்ல பாத்தா அளவு பிடிபடாது

டீச்சர் மைனி: எங்க அத்தைய சக்கர நாற்காலியில வச்சு கூட்டிட்டு வாரேன். சரிவு திரும்புற இடத்துல வண்டி திரும்புதான்னு அந்தக் கோட்டு மேலயே தள்ளிப் பாப்போம்

பம்ப்செட் பெரிப்பா: நான் டேப்பு கொண்டாரேன். ரேஷன் கடைக்கு வெள்ளை அடிக்கப் போறாங்களாம், அதுக்கு முன்னால அந்தச் சேத்துக் கோட்ட அளந்து ஆணி அடிச்சு வச்சிருவோம்