முற்றுப்புள்ளிக்கு அவன் சொன்ன காரணம்

நியூயார்க்கில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம். கட்டுரைக் கட்டு வந்தால் சிவப்புப் பேனாவோடுதான் உட்காருவேன். ஒரு பையனின் தாளில் 'பிகாஸ்' (because, 'ஏனென்றால்') என்று தொடங்கிய வாக்கியங்கள் பாதிக்கு மேல், நடுவில் முற்றுப்புள்ளி விழுந்து, முழுமையாகாமல் அந்தரத்தில் தொங்கின. எல்லாவற்றையும் சுழித்துக் கொடுத்தேன். அடுத்த கட்டுரையிலும் அதே கதை. அலட்சியம் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

உடன் வேலை பார்த்த ஒருவர் எழுத்துப் பயிற்சி ஆசிரியை மினா ஷானஸியின் 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (பிழைகளும் எதிர்பார்ப்புகளும்) புத்தகத்தைக் கையில் திணித்தார். 1977-இல் வந்தது. நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த யாருக்கும் இடம் உண்டு என்று நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் கதவைத் திறந்துவிட்டது. எழுதிப் பழகாத பிள்ளைகள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். இதுகளுக்குக் கல்லூரிப் படிப்பு ஏறாது என்று பலர் கைவிரித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் சிட்டி கல்லூரியில் இருந்த ஷானஸியோ, சேர்க்கையின்போது அந்தப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் சுமார் 4,000-ஐ எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். மதிப்பெண் போடுவதற்காக அல்ல. பிழை எங்கிருந்து முளைக்கிறது என்று பார்ப்பதற்காக. அரைகுறையாகக் கற்றதை வைத்து மாணவன் தானே ஒரு விதியைக் கட்டிக்கொள்கிறான், பிழைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பது அவர் கண்டது. (அவருக்கு முனைவர் பட்டம் கிடையாது. இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.) புத்தகம் வந்த மறுவருடமே புற்றுநோயில் போய்விட்டார். வயது 54.

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று பையனைக் கூப்பிட்டேன். "இங்கே ஏன் முற்றுப்புள்ளி?"

யோசிக்கவே இல்லை. "நீளமாக எழுதினால் தப்பு என்று பள்ளியில் சொன்னார்கள். இரண்டு வரி ஆனதும் வைத்துவிடுவேன்."

இத்தனை நாள் இதை நான் கேட்டதே இல்லை!

அப்புறம் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். தான் வைத்த புள்ளிகளில் அவன் நிற்கவேயில்லை; வாக்கியம் உண்மையில் முடிகிற இடத்தில்தான் குரல் இறங்கியது. இப்போது தாளைப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். என் பேனாவை வாங்கி மூன்று புள்ளிகளை அவனே அடித்தான்.

காற்புள்ளிதான் கடைசிவரை அவனுக்குச் சரிவரவில்லை. அதற்கு என்ன விதி வைத்திருந்தான் என்று கேட்பதற்குள் பருவம் முடிந்துவிட்டது.