புதுப்பிப்பு: நாயை இடப்பக்கம் ஒட்டி நடக்கப் பழக்குதல்
வாரை இழுத்துக்கொண்டு முன்னே ஓடும் என் நாயைத் தின்பண்டம் கொடுத்து இடப்பக்கம் ஒட்டி நடக்கப் பழக்குவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது நல்ல முன்னேற்றம் தெரிகிறது. மாற்றத்தைத் தந்தது தின்பண்டத்தின் சுவையன்று, அதைக் கொடுக்கும் இடம்தான்: பட்டாணி அளவுத் துண்டை இடது கையால், கால்சட்டையின் பக்கத் தையலை ஒட்டி, நாயின் வாய் மட்டத்தில் நீட்டினால், அது அந்த இடத்தைத் தேடித் தானாகவே வந்து சேர்கிறது. வலது கையால் நீட்டினாலோ, வாங்குவதற்காக என் கால்களுக்குக் குறுக்கே வந்துவிடுகிறது. முதலில் ஓரிரு அடிக்கு ஒரு துண்டு கொடுத்து, பின்னர் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் நீட்டினேன். வார் இறுகினால் நின்றுவிடுகிறேன். அவ்வப்போது மோப்பம் பிடிக்க விடுவதும் (அதற்குத் தின்பண்டத்தைவிட அதுதான் பிடிக்கிறதோ என்னவோ) வெகுமதியாகவே பயன்படுகிறது. வேறு நாய் எதிரே வந்தால் மட்டும் இன்னும் தடுமாறுகிறது. அப்போது சற்று விலகி நின்று, மீண்டும் அடிக்கொரு துண்டு தருகிறேன்.