கித்துள் பாளைக்கு மருந்து வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். இரத்தினபுரிப் பக்கம் எங்கள் காணி எல்லையில், யாரும் நடாமலே வளர்ந்த கித்துள் (கூந்தற்பனை) மரம் ஒன்று முதல் பாளை விட்டிருக்கிறது. உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பாளை பாளையாகப் பூத்து, கடைசிப் பாளையோடு பட்டுப்போகும் மரம் அது. இந்தச் சில வருடங்களை விட்டால் பிறகு இல்லை.

ஏறுவதற்கு ஒரு மாமா இருக்கிறார். ஆனால் அவர் தென்னையில் சீவிப் பழகியவர். கித்துளுக்கோ விரியாத பாளையில் மருந்து வைத்துக் கட்டினால்தான் பதநீர் இறங்கும். உப்பு, சாம்பல், சுண்ணாம்பு, மிளகாய் என்று வீட்டுக்கு வீடு ஒரு கலவை சொல்கிறார்கள். அளவைக் கேட்டால் மட்டும் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்! எனக்கு அந்த அளவும், கட்டை எப்போது அவிழ்ப்பது என்பதும் தெரிய வேண்டும்.

பதநீர் புளிக்காமல் இருக்க முட்டியில் (பதநீர் சேரும் பானையில்) போடும் ஹல் மரப்பட்டை எங்கே கிடைக்கும்? அதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு பூசினால், பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாணியின் ருசி மாறுமா?

காய்ச்சுவதை அம்மா பார்த்துக்கொள்வார். கொதிக்கும் பாணியில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலில் உருண்டையாகத் திரண்டால் உடனே சிரட்டையில் ஊற்றிவிடுவார். சீனி கலந்த கடைக் கருப்பட்டி அவருக்குப் பிடிப்பதே இல்லை.

பலாங்கொடை, தெனியாயப் பக்கம் கித்துள் சீவும் பெரியவர்களைத் தெரிந்தால், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பாளை விரிவதற்குள் பதில் வந்தால் பேருதவி.