ஆகஸ்ட் 15 தோப்புச் சமையல்: கட்டுப்படியாகுற ஒயின் எது?

வைகைக்கரையான்:
வணக்கம் மக்களே. ஆகஸ்ட் 15 லீவுக்கு சோழவந்தான் பக்கம் எங்க தென்னந்தோப்புல சமையல். விறகடுப்புல மட்டன் சுக்கா, மசாலா தடவி கம்பியில சுட்ட நாட்டுக்கோழி, சாயங்காலம் கரி அடுப்புல விரால். சமையக்காரர் யாரும் கிடையாது, நாங்கதான் கரண்டி பிடிக்கிறோம். பெங்களூர்ல இருந்து தங்கச்சி மாப்பிள்ளை வர்றார். பிராந்தி, பீர் தொடமாட்டார், ஒயின்னா ரெண்டு கிளாஸ் எடுப்பார். அவரைச் சாக்கா வச்சு இன்னும் ஏழு பேரு 'எங்களுக்கும் ஒயினே'ன்னு கெளம்பிட்டாய்ங்க. நாலாயிரத்துக்குள்ள முடிக்கணும். சிவப்பு, வெள்ளைன்னு ரெண்டு இருக்குங்கிறதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. எதை வாங்க, எத்தனை வாங்க?

பழைய ஸ்டூவர்டு:
அண்ணே, ஓட்டல் பார்ல ரொம்ப வருஷம் நின்னவன் சொல்றேன். மொதல்ல தேதி. 15 அன்னைக்கு டாஸ்மாக் அடைப்பு. 14ஆம் தேதி கூட்டம் அள்ளும், 13ஆம் தேதியே முடிச்சிருங்க. மத்தியானம் 12 மணிக்குத்தான் திறப்பாங்க. சாதாக் கடையில தேடி அலையாம டாஸ்மாக்கோட எலைட் கடைக்குப் போங்க, உசத்தி சரக்கு விக்கிற கடை அது.

கெட்டியான சிவப்பு வேணாம். திராட்சைத் தோல்ல இருந்தும் கொட்டையில இருந்தும் இறங்குற துவர்ப்பு அதுல ஜாஸ்தி. மொளகா எரிச்சலுக்கு மேல அதுவும் ஏறுனா வாயெல்லாம் கசக்கும். சுக்காவும் கெட்டுச்சு, ஒயினும் கெட்டுச்சு. லேசா இனிப்பு தட்டுற வெள்ளையோ, ரோஸேன்னு சொல்ற இளஞ்சிவப்பு ஒயினோ எடுங்க, அந்த இனிப்புதான் காரத்தைத் தணிக்கும். நாசிக்ல இருக்கிற சூலா ஒயின் கம்பெனியில செனின் பிளாங்க்னு ஒரு வெள்ளை, ஜின்ஃபண்டெல் ரோஸே, ரெண்டும் அந்த ரகம். மூடியைத் திருகுனா போதும், தோப்புல கார்க் உருவுற சாமானைத் தேட வேண்டியதில்ல. வெளிநாட்டு பாட்டில் பக்கமே திரும்பாதீங்க, பாதிக் காசு வரிக்கே போயிரும்.

லேபிளுக்குக் கொடுக்கிற காசை ஐஸுக்குக் கொடுங்க. ஐஸ் பார் ஒண்ணு வாங்கி, சாக்குல சுத்திக் கொண்டு போங்க. உடைச்சு அண்டாவுல போட்டு, ஐஸ் முங்கத் தண்ணி ஊத்தி, ரெண்டு மூணு கை கல்லுப்பு. வெறும் ஐஸ்னா பாட்டிலைச் சுத்திக் காத்து நிக்கும், குளிர நேரமாகும். உப்புத் தண்ணி பாட்டிலை முழுசா சுத்திக்கிறதால அரைமணியில ரெடி. அந்த ஐஸைக் கிளாசுல மட்டும் போட்டுறாதீங்க, அது குடிக்கிற ஐஸ் இல்ல.

750 மில்லி பாட்டில்ல 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும். எட்டுப் பேருக்கு ரெண்டு ரெண்டுன்னா 16. நாலு பாட்டில் தாராளம்.

கம்பத்துக்காரி:
குடிக்காதவங்களை யாருமே நினைக்கலையே அண்ணே! எங்க ஊர் பன்னீர் திராட்சை வாங்குங்க. 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச பழம். கையால பிசைஞ்சு வடிகட்டி, எலுமிச்சை பிழிஞ்சு, துளி உப்பு போட்டுப் பாட்டில்ல அடைச்சு அதே அண்டாவுல முக்கிருங்க. சீனி ரொம்ப வேணாம். பிள்ளைகளும் அத்தைமாரும் ஒயின் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. 'இதையே பானையில ஊறப்போட்டா ஒயினாயிரும்ல'ன்னு எந்த மச்சானாவது ஆரம்பிச்சா அப்பவே அடக்குங்க. லைசென்ஸ் இல்லாம காய்ச்சுறதும் ஊறல் போடுறதும் குத்தம்.

வைகைக்கரையான்:
நன்றிண்ணே, நன்றி தங்கச்சி. ஒரே சிக்கல். ஒயின்னா சிவப்பாத்தான் இருக்கணும்னு ரெண்டு பேரு ஒத்தக்கால்ல நிக்கிறாய்ங்க. சுக்காவுல காரத்தைக் குறைக்கவும் வழியில்ல, மசாலா பெரியம்மா கை.

பழைய ஸ்டூவர்டு:
அப்ப மூணு வெள்ளை, ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பையும் அண்டாவுல கால்மணி போடுங்க. 'சிவப்பைக் குளிர வைக்கக் கூடாது'ங்கிறது குளிர் ஊருக்காரன் கணக்கு. அவன் வீட்டுக்குள்ள 18 டிகிரி, நமக்குத் தென்னை நிழல்லயே 35. விரால் வர்றதுக்கு முன்னாடி சிவப்பைக் காலி பண்ணிருங்க, மீனோட சேந்தா வாயில கவுச்சி நிக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் கோழியில நாலு துண்டு வெறும் மிளகு, உப்பு போட்டுத் தனியா சுட்டுக் கொடுங்க, அதுக்குச் சிவப்பு நல்லாவே போகும்.

அது சரி, திரும்புறப்ப வண்டி யாரு எடுக்கிறா?

வைகைக்கரையான்:
என் தம்பி. பச்சைத் தண்ணியைத் தவிர எதையும் தொடமாட்டான், திராட்சை ஜூஸ் அவனுக்குத்தான் மொதல்ல. 13ஆம் தேதி கடைக்குப் போயிட்டு விலையை இங்க போடுறேன்.